குழாய்க்கிணற்றடியில் கற்கும் கல்வி



இவ்வாண்டுச் சொற்பொழிவுக்குச் சுற்றுப்புறச் சுகாதாரக் கல்வியைப் பொருளாகக் கொள்ளுமாறு அறக்கட்டளையினர் பணித்தபோது, அக்கல்வியை எங்கே சென்று கற்பது என்னும் வினாவிலிருந்து தொடங்குவதே உசிதம் என்று எனக்குத் தோன்றிற்று. மேற்படிப்பு என்றவுடன் நம் இளைஞர்களின் நாட்டம் லண்டன்பாலும் பாஸ்டன்பாலும் செல்வது இயல்பு. அங்கே அரிய நூலகங்களும் நுட்பமான கருவிகளும் பேரறிஞர்களும் உண்டு என்பதை மறுப்பாரில்லை. ஆயினும், மனிதன் பருகும் நீரும் மிதிக்கும் மண்ணும் சுவாசிக்கும் காற்றும் உண்ணும் உணவும் அவன் உடலுக்கு எவ்வகையில் தீங்கு செய்கின்றன, அத்தீங்கை எந்த உபாயத்தால் விலக்கலாம் என்று ஆராய்கின்ற இச்சாஸ்திரம், நோயும் அன்றாட வாழ்வும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்திலேதான் தன் முழு உருவத்தையும் காட்டுகிறது. ஆகவே, செல்வம் குறைந்ததும், ஜனநெருக்கம் மிக்கதும், ஆண்டுதோறும் வெள்ளத்தோடு போராடுவதுமான வங்காளதேசத்தை இன்று உங்கள்முன் வைக்கிறேன். அந்நாட்டுக்கு மாணவராகச் செல்பவர் அங்கே எதைக் கற்கலாம், திரும்புமுன் யாருக்கு என்ன கடனைத் தீர்த்துவிட்டு வரவேண்டும் என்பவையே என் பேச்சின் பொருள்.

டாக்கா நகரில் 1960-ஆம் ஆண்டு, அது கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகராக இருந்த நாளில், காலரா நோயை ஆராய்வதற்கென்று ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அதுவே 1978-இல் சர்வதேச நிறுவனமாகத் திருத்தியமைக்கப்பட்டு, இன்று ஐசிடிடிஆர்,பி என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது. டாக்காவுக்குத் தென்கிழக்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், ஆறுகளும் வாய்க்கால்களும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்ற மத்லப் வட்டாரத்தில் 1963-இல் அந்நிறுவனம் ஒரு கள நிலையத்தை அமைத்தது. 1966 முதல் அவ்வட்டாரத்துக் கிராமங்களில் நிகழும் பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு யாவும் வீடு வீடாகச் சென்று விசாரித்துப் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. வீடுகள் மண்மேடுகளின்மேல் நிற்க, மழைக்காலத்தில் சுற்றிலும் நீர் சூழ்ந்துகொள்ள, ஒரு முற்றத்திலிருந்து மறு முற்றத்துக்கு ஓடமேறிச் செல்லவேண்டிய அந்த மண்ணில், அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு தலைமுறையையும் தவறவிடாமல் எழுதப்பட்டுவரும் அந்தப் பதிவேடுகளுக்கு நிகரான ஒன்றை ஐசுவரியம் மிக்க நாடுகளிலும் எளிதில் காணமுடியாது.

அந்நிறுவனத்தின் மருத்துவமனையில் மாணவர் முதலில் காணவேண்டியது அங்குள்ள காலராக் கட்டில். விரிப்பின் நடுவே ஒரு துவாரம், அதன்கீழ் அளவுக்கோடிட்ட ஒரு வாளி, வேறொன்றுமில்லை. நோயாளியின் உடலிலிருந்து எவ்வளவு நீர் வெளியேறிற்று என்பதை வாளியைப் பார்த்தே அறிந்து, அவ்வளவு நீரையும் உப்பையும் திரும்பச் செலுத்திவிட்டால் அவர் பிழைத்துக்கொள்வார் என்பதே காலரா வைத்தியத்தின் சாரம். நோய் பெருகும் மாதங்களில் வார்டுகள் நிரம்பி முற்றத்திலே கூடாரம் அடித்து நோயாளிகளைக் கிடத்தும் அந்த மருத்துவமனையில், சாவின் வாயிலில் வந்து சேர்ந்தவர் ஓரிரு நாளில் எழுந்து நடந்து வீடு திரும்புவதைக் கண்ணாரக் காணும் மாணவர், மகத்தான வைத்தியத்துக்கு மகத்தான செலவு வேண்டும் என்னும் எண்ணத்தை அன்றே விட்டுவிடுவார்.

இந்த வைத்தியம் ஏழையின் குடிசைக்குச் சென்ற வரலாறே அங்கு கற்கவேண்டிய இரண்டாம் பாடம். நரம்பின்வழி உப்புநீர் ஏற்றுவதற்கு ஊசியும் கண்ணாடிப் புட்டியும் பயின்ற கையும் வேண்டும். அவை கிடைக்காத கிராமங்களில் ஜனங்கள் மாண்டார்கள். டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்னும் இரு அமெரிக்க வைத்தியர்கள், இருவரும் முப்பது வயதை எட்டாதவர்கள், வெளியேறிய அளவுக்கு ஈடாகச் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழியாகவே ஊட்டினால் நரம்புவழி நீரின் தேவை பெருமளவு குறைகிறது என்பதை வங்கத்து நோயாளிகளிடையே நிரூபித்து 1968-இல் வெளியிட்டார்கள். மூன்றாண்டுகளுக்குப் பின்னர், வங்காளதேச விடுதலைப் போரின்போது அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லை கடந்து வந்து மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாம்களில் தங்கியபோது, கல்கத்தாவின் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், நரம்புவழி நீர் தீர்ந்துபோன நெருக்கடியில், பீப்பாய்களில் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கலக்கி உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்கு ஊட்டச்செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில் மரணம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. ஆய்வுக்கூடத்து உண்மையும் முகாமின் நெருக்கடியும் சேர்ந்து பெற்ற மருந்து இது.

ஆனால் மருந்து இருந்தால் போதுமா? பஸ்லே ஹசன் ஆபேத் நிறுவிய ப்ராக் என்னும் தொண்டு ஸ்தாபனத்தின் பெண் ஊழியர்கள் 1980 முதல் பத்தாண்டுக் காலம் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் அரைச் சேர் நீரும் கொண்டு அக்கரைசலைச் செய்யும் விதத்தை ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குக் கற்பித்தார்கள். அவ்வேற்பாட்டில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த அம்சம் ஒன்றுண்டு. ஊழியர் சென்றுவந்து சில வாரங்கள் கழிந்தபின் வேறொருவர் அதே வீடுகளில் சிலவற்றுக்குப் போய், தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார், கரைசலைச் சரியாகக் கலக்குகிறாரா என்று சோதிப்பார். அத்தாய் கற்ற அளவைப் பொறுத்தே ஊழியருக்கு ஊதியம். எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்பதை யாரும் கேட்கவில்லை. அப்படியிருந்தும், செய்முறையை ஒப்புவிக்கும் தாய்மார் பலர் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அதைப் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தபோது, ஸ்தாபனத்தார் தாய்மாரைக் குறைகூறாமல் தங்களையே விசாரித்துக்கொண்டார்கள். தங்கள் ஊழியர்களுக்கே அம்மருந்தில் முழு நம்பிக்கை இல்லை என்பதும், வீட்டு ஆண்களிடம் யாரும் இதைப்பற்றிப் பேசியதில்லை என்பதும் அவ்விசாரணையில் வெளிப்பட்டன. ஊழியர்க்கு விளக்கம் அளித்து, ஆடவரையும் கூட்டிப் பேசிய பின்னரே வழக்கம் வேரூன்றிற்று. உடல்நூல் கற்றவர்க்குச் சமூகநூலும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பறை போதிக்கும்? அந்த ஸ்தாபனத்தின் பல்கலைக்கழகத்தில் 2004-இல் தோன்றிய ஜேம்ஸ் பி. கிராண்ட் பொதுச் சுகாதாரப் பள்ளியில் இன்று பல தேசத்து மாணவர்கள் பயில்கிறார்கள். முன்பு கூறிய ரிச்சர்ட் காஷும் அங்கே ஆசிரியராக அமர்ந்து கற்பித்தார்.

இனி, இவ்வளவு புகழுக்குரிய அதே மண்ணில் நேர்ந்த பெருந்துயரத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், வெளிநாட்டு நிபுணர் என்ன செய்யலாம், என்ன செய்யத் தவறலாம் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் உதாரணம் நம் காலத்தில் வேறில்லை.

குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகி ஜனங்கள் காலராவுக்கும் சீதபேதிக்கும் இரையாவதைத் தடுக்க, அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் யுனிசெஃப் ஸ்தாபனமும் 1970-களில் கிராமந்தோறும் குழாய்க்கிணறு தோண்டி அடிபம்பு நாட்டின. கிருமியற்ற தெளிந்த நீர் வீட்டு முற்றத்திலேயே கிடைத்தது. செல்வர் முதல் ஏழைவரை தம் சொந்தச் செலவிலும் கிணறு இறக்கிக்கொண்டார்கள். கிராமத்தாரில் பெரும்பான்மையோர் குழாய்க்கிணற்று நீருக்கே மாறினர். ஆனால் இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துக் கொணர்ந்த வண்டலில் இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடந்த ஆர்சனிக் என்னும் பாஷாணம், பூமிக்கடியில் காற்றுப்படாத இடத்தில், மக்கிய தாவரப் பொருளை உண்ணும் நுண்ணுயிர்களின் வினையால் துருவினின்று பிரிந்து, ஆழம் குறைந்த கிணறுகளின் நீரில் கரைந்திருந்தது. தாளகம் என்றும் மனோசிலை என்றும் நம் சித்த வைத்தியர்கள் பெயரிட்டு அஞ்சிக் கையாண்ட அதே இனத்து விஷம். அந்நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவை வேறுபாடும் இல்லை. பருகத் தொடங்கிப் பல ஆண்டுகள் சென்றபின் மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போன்ற கரும்புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்த்துப் போகும். இன்னும் நாட்பட்டால் புற்றுநோயும் இருதய நோயும் தொடரும். தோலில் தெரிந்த குறியைத் தொற்றுநோய் என்று அஞ்சி ஊரார் விலகினார்கள். மணவாழ்வு முறிந்த பெண்களும் மணமே கூடாத பெண்களும் பலர்.

எல்லைக்கு அப்பால், மேற்கு வங்கத்தில், கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல்நோய் மருத்துவர் கே. சி. சாஹா 1980-களின் தொடக்கத்திலேயே இக்குறிகளைக் கண்டு, நோயாளிகள் குடித்த கிணற்று நீரில் காரணத்தையும் கண்டறிந்திருந்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துத் தீபங்கர் சக்ரவர்த்தி மேற்கு வங்கத்துக் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் அலைந்து நீரையும் முடியையும் நகத்தையும் சோதித்து உரக்க எச்சரித்துக்கொண்டிருந்தார். ஆயினும் 1992-இல் வங்காளதேசத்துக் கிணற்று நீரின் தரத்தைச் சோதித்த பிரிட்டிஷ் புவியியல் ஆய்வுத்துறையினர் வேறு பல பொருள்களை அளந்தார்கள், ஆர்சனிக்கை அளக்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே சாப்பை நவாப்கஞ்ச் மாவட்டத்தில் அது அகப்பட்டது. பாதிக்கப்பட்ட ஒருவர் இங்கிலாந்தின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ஆய்வாளர்க்கு அவர்பால் சட்டப்படியான கடமை எதுவும் இல்லை என்று 2006-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சட்டத்தின் அளவுகோல் வேறாக இருக்கலாம். தாம் சோதித்த நீரைக் குடிக்கப்போகிறவர்கள் யார் என்பதை அறிந்தே புட்டியை நிரப்பிய எந்த ஆய்வாளருக்கும் அவர்கள்பால் கடமை உண்டு என்றே நான் கருதுகிறேன். ஒரு நாட்டின் பதில் அடுத்த மாவட்டத்து மருத்துவரின் நோயாளிக் குறிப்பில் இருக்கும்போது, தொலைதூரத்திலிருந்து வருபவர் முதலில் அந்த மருத்துவரைச் சென்று காணவேண்டும்.

பின்னர், அதே ஆய்வுத்துறையும் வங்காளதேச அரசும் சேர்ந்து 1998, 1999 ஆண்டுகளில் 3,534 கிணறுகளைச் சோதித்தன. ஆழம் குறைந்த கிணறுகளில் நூற்றுக்கு 27, அந்நாட்டின் வரம்பாகிய லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. அவ்வரம்புக்கு மேற்பட்ட நீரைப் பருகுவோர் மூன்றரைக் கோடிப் பேர் என்று மதிப்பிடப்பட்டது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் வரம்போ 10 மைக்ரோகிராம்தான். சரித்திரத்தில் ஒரு ஜனசமூகத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய நஞ்சூட்டல் இதுவே என்று ஆலன் ஸ்மித் முதலிய ஆய்வாளர்கள் 2000-இல் எழுதினர். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, நஞ்சுள்ளவற்றின் வாயில் சிவப்பும் மற்றவற்றில் பச்சையும் பூசப்பட்டன.

அச்சோதனையை நீங்கள் கிட்ட நின்று பார்க்க வேண்டும். சிறு குப்பியில் கிணற்று நீரை ஊற்றி, அமிலத் தூளையும் துத்தநாகத் தூளையும் இட்டு, மூடியில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைச் செருகிவிட்டுக் காத்திருப்பார்கள். குப்பிக்குள் நுரை பொங்கும். நீரில் நஞ்சிருந்தால் எழும் வாயு காகிதத்தில் படிந்து, முதலில் வெளிர் மஞ்சளாகவும் அளவு மிகும்போது பழுப்பாகவும் அதை நிறம் மாற்றும். வீட்டாரும் அண்டை அயலாரும் சிறுவர்களும் சுற்றி நிற்க, பத்து இருபது நிமிஷத்தில் காகிதம் பழுப்பேறி, நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவு சொல்லப்பட்டதும், குடத்தோடு நிற்கும் பெண்மணி கேட்பார்: "அப்படியானால் இனிமேல் எங்கே போய்த் தண்ணீர் எடுப்பது?" சோதனைப் பெட்டியில் அதற்குப் பதில் இல்லை. சுற்றுப்புறச் சுகாதாரம் என்னும் கல்வி அந்த வினாவில்தான் தொடங்குகிறது.

பதில் பெரும்பாலும் அடுத்த முற்றத்தில் இருக்கிறது. அந்நாட்டு நிலத்தடியின் விசித்திரம், ஒரு கிணறு நஞ்சாயிருக்க, ஐம்பதடி நூறடி தள்ளியுள்ள மற்றொன்று நன்னீர் தருவது. டாக்காவுக்குக் கிழக்கே ஆராய்ஹஜார் என்னும் இடத்தில் 2000 முதல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் உள்நாட்டு ஆய்வாளரோடு சேர்ந்து சுமார் 12,000 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, நஞ்சுக் கிணற்றுக்காரரில் பாதிக்கு மேற்பட்டோர், சோதனை முடிவைச் சொன்ன அளவிலேயே வேறு கிணற்றுக்கு மாறினர் என்பது தெரிந்தது. ஆனால் எஞ்சியவர்கள்? நல்ல கிணறு பகைகொண்ட பங்காளி வீட்டு முற்றத்தில் இருக்கலாம்; இளம் மருமகள் அயலார் வாசலுக்குப் போவதை மாமியார் விரும்பாதிருக்கலாம்; பொதுச் செலவில் இறக்கிய ஆழ்கிணறு ஊர்ப் பெரியவரின் வேலிக்குள் அமைந்துவிட்டிருக்கலாம். நீர் இயலையும் உறவு முறையையும் ஒருசேர அறியாதவர் இங்கே ஒன்றும் செய்ய இயலாது. அந்த ஆய்வினரே 2010-இல், தாங்கள் கவனித்தோரிடையே நிகழ்ந்த மரணங்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஆர்சனிக் நீரோடு தொடர்புடையது என்று கணித்து வெளியிட்டார்கள். பூசிய சிவப்பு மழையிலும் வெயிலிலும் வெளிறிவிட, புதிய கிணறுகள் சோதனையின்றியே இன்னும் இறக்கப்பட்டு வருகின்றன.

நீரின் தீங்கை எளிய பொருளாலும் குறைக்கலாம் என்பதற்குச் சான்றாக, மத்லப் பெண்கள் பழைய சேலையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடித்தால், காலராக் கிருமி ஒட்டியிருக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் துணியிலே தங்கிவிடுவதால் நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று ரீட்டா கால்வெல் என்னும் ஆய்வாளரின் குழுவினர் 2003-இல் காட்டியதையும் இங்கே குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

ஒரு வெளிநாட்டு மாணவியின் கல்வி நேரே பலன் தந்த வரலாறு ஒன்றுண்டு. அதைச் சொல்லாமல் என் பேச்சு நிறைவுறாது. வங்கக் கிராமத்துக் கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்தது. ஆலைப்புகையோ வண்ணம் பூசிய பழைய மாளிகைகளோ இல்லாத கிராமங்கள் அவை. ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜென்னா ஃபோர்சைத், ஐசிடிடிஆர்,பி நிறுவனத்தாரோடு சேர்ந்து, பூச்சிமருந்து, பற்றுவைத்த தகர டப்பா, கர்ப்பிணிகள் தின்னும் சுட்ட மண் என்று ஒவ்வொன்றையும் ஐயுற்று ஆராய்ந்தார். ஈயத்தின் ஓரிடத்தான்களை (ஐசோடோப்புகளை) இரத்தத்திலும் பொருள்களிலும் ஒப்புநோக்கியபோது முதன்மைக் காரணமாகத் தெரிந்தது மஞ்சள். மஞ்சளை மங்கலப் பொருளாகவும் மருந்தாகவும் பேணும் நம் போன்றோர்க்கு நெஞ்சைச் சுடும் செய்தி இது. 1980-களில் வெள்ளத்தால் ஈரமேறி நிறம் மங்கிய மஞ்சளுக்குப் பொலிவூட்ட, மெருகேற்றும் ஆலைகளில் லெட் குரோமேட் என்னும் வர்ணப் பொடியைச் சேர்க்கத் தொடங்கி, அதுவே வழக்கமாக நிலைத்துவிட்டது என்பதை அவர் குழுவினர் விவசாயிகளையும் ஆலைக்காரர்களையும் வியாபாரிகளையும் தேடிச்சென்று உரையாடித் தெரிந்துகொண்டனர். அப்பொடியைக் கலந்தவர்களிற் பலர் அது மூளையைத் தாக்கும் நஞ்சு என்பதை அறியாதவர்கள். பளிச்சென்ற மஞ்சளையே விலைகொடுத்து வாங்கும் வழக்கம் அவர்களை அதில் நிறுத்தியிருந்தது.

அறிக்கையை அச்சிட்டு ஊர் திரும்பியிருந்தால் அதுவும் ஆயிரத்தில் ஒன்றாகப் போயிருக்கும். அவர்கள் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் சென்றார்கள். ஆணையம் 2019-இல் எச்சரிக்கைச் சுவரொட்டிகளை நாடெங்கும் ஒட்டியது; டாக்காவின் சியாம்பஜார் மொத்தச் சந்தையில் கையடக்கக் கருவியால் மஞ்சளைச் சோதித்து, குற்றம் புரிந்த வியாபாரிகளுக்கு அங்கேயே அபராதம் விதித்தது; தொலைக்காட்சி அதை வீடுதோறும் காட்டிற்று. அவ்வாண்டு சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47 ஈயம் கலந்தவை. 2021-இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றிலும் இல்லை. இரண்டாண்டில் நிகழ்ந்த இம்மாறுதலுக்கு, வந்தவரின் இரசாயன அறிவும், உள்ளூர் ஆய்வாளரின் பழக்கமும், அரசின் அதிகாரமும் சமமாக உரிமை கொண்டாடலாம்.

மாணவச் செல்வங்களே, அந்நாட்டுக்கோ அதுபோன்ற வேறொரு நாட்டுக்கோ செல்ல நினைப்போர்க்கு என் ஆலோசனைகள் சில. வறண்ட மாதங்களில் மட்டும் போய்த் திரும்பாதீர்கள். வங்கத்தை மழையில் காணாதவர் பாதியைத்தான் கண்டவர். வங்கமொழியைப் போகுமுன்னரே கற்கத் தொடங்குங்கள். மொழிபெயர்ப்பாளரின் வாய்வழி வரும் பதிலில், பதில் சொன்ன பெண்ணின் தயக்கம் வந்து சேராது. உபகாரம் செய்ய வந்தவர் என்னும் பாவனை உங்களை அறியாமலே தோன்றக்கூடும். வாய்வழி நீரூட்டலைப் பற்றி உலகத்துக்குப் பெரிதும் கற்பித்த நாடு அது என்பதை எண்ணினால் அப்பாவனை அடங்கிவிடும். உங்கள் கட்டுரையில், களத்தில் அலைந்த உள்ளூர்த் தோழரின் பெயர் உங்கள் பெயரோடு நிற்கட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய கடன் ஒன்றுண்டு. இரத்தம் கொடுத்தவர், நீர் கொடுத்தவர், பிள்ளையின் நகத்தை வெட்டிக் கொடுத்த தாய், இவர்களுக்கு முடிவைத் திரும்பச் சொல்லாமல் வருவது பெருந்தவறு. மாதிரிகள் கடல்கடந்து போய், கட்டுரைகளாக அச்சேறி, பட்டங்களாகப் பழுத்தபின்னும், அக்குடும்பங்கள் அதே கிணற்று நீரைப் பருகிக்கொண்டிருந்ததாகக் களப்பணியாளர் பலர் வேதனையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். "ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள், ஒன்றும் சொல்லவில்லை" என்று ஒரு தாய் கூறும்படி எந்த ஆராய்ச்சியும் முடியலாகாது.

அறக்கட்டளைப் பெரியோர்களுக்கும், இங்கே எழுந்தருளியுள்ள பல்கலைக்கழகக் குழுவினர்க்கும் ஒரு விண்ணப்பம். மேலைநாடுகளுக்கு அனுப்பும் உதவித்தொகைகளோடு, ஆண்டுக்கு ஒரு மாணவரையேனும் ஒரு முழு மழைக்காலம் வங்காளதேசத்தில் தங்கிப் பயிலுமாறு அனுப்ப ஓர் உதவித்தொகையை ஏற்படுத்துங்கள். அந்நாட்டு மாணவர் ஒருவரை இங்கே வரவழைத்து, நம் ஊர்க் கிணறுகளையும் தோல் பதனிடும் ஊர்களின் நீரையும் அவர் ஆராயவும் வகைசெய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே நிபந்தனை போதும்: ஆய்வின் முடிவைக் கிராமத்தார்க்கு அவர்கள் மொழியிலே நேரில் எடுத்துரைத்ததற்குச் சான்று காட்டிய பின்னரே மாணவரின் ஆய்வேட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும். வரும் கல்வியாண்டுக்குள் இதனைப் பரிசீலிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.